இரண்டு வருட நர்ஸிங், பத்து வருடக் கடன்: ஒரு கணக்கு

அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸிங் அசிஸ்டென்ட்டாக வேலை பார்க்கும் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 26. கையில் ஒரு குழந்தை. நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைப்பது, இதெல்லாம் அவள் வேலை. அந்த வேலையில் வருடத்துக்கு 40,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். அதே இடத்தில் மருந்து கொடுக்கும், டாக்டரைப் போனில் கூப்பிட்டு நிலைமை சொல்லும் ரெஜிஸ்டர்டு நர்ஸ் அதைப்போல இரண்டு மடங்கு வாங்குகிறார். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு படிப்பும் ஒரு பரீட்சையும்தான். அந்தப் படிப்பை ஊரிலுள்ள கம்யூனிட்டி காலேஜிலேயே முடிக்கலாம். ஆனால் சேமிப்பு கிடையாது, கடன்தான் வாங்க வேண்டும். வாங்கலாமா?

‘நர்ஸிங்தானே, வேலை நிச்சயம், தாராளமாக வாங்கு’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியான பதில்தான். ஆனால் அது எதனால் சரி, எந்த இடத்தில் தப்பாகிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட வேண்டியிருக்கிறது. படித்து முடித்தவர்களின் சம்பளத்தை ஒரு தட்டிலும், படிக்க வாங்கிய கடனை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்ப்பது. தராசு எளிது. தட்டில் வைக்கும் எண்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல் முழுக்க இருக்கிறது.

முதலில் படிப்பு என்னவென்று பார்த்துவிடுவோம். கம்யூனிட்டி காலேஜ் என்பது உள்ளூர் மக்களுக்காக மாநில, வட்டார வரிப்பணத்தில் நடக்கும் இரண்டு வருடக் கல்லூரி. அங்கே தரும் நர்ஸிங் பட்டத்துக்கு அசோசியேட் டிகிரி இன் நர்ஸிங் என்று பெயர். சுருக்கமாக ஏடிஎன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தால் பிஎஸ்என். நம் ஊரில் ஜிஎன்எம் டிப்ளமோவும் பிஎஸ்சி நர்ஸிங்கும் இருப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் எழுதுவது ஒரே லைசென்ஸ் பரீட்சை, என்கிளெக்ஸ் ஆர்என். தேறியபின் கையில் வருவதும் ஒரே லைசென்ஸ். ஏடிஎன் படித்தவருக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது.

இதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் நர்ஸிங் என்றால் பெரும்பாலும் மருத்துவமனைகளே நடத்திய மூன்று வருட டிப்ளமோதான். மாணவிகள் வகுப்பில் உட்கார்ந்ததைவிட வார்டில் உழைத்ததே அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்ஸ்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மோன்டாக், இரண்டே வருடத்தில் கல்லூரியில் பயிற்சி கொடுத்து ‘நர்ஸிங் டெக்னீஷியன்’களை உருவாக்கலாம் என்று 1951இல் எழுதினார். 1952இல் சில கல்லூரிகளில் சோதனையாக ஆரம்பித்தார்கள். முழு நர்ஸுக்கு ஒரு படி கீழே நிற்கும் ஆட்களைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். ஆனால் படித்து வந்தவர்கள் அதே பரீட்சையை எழுதித் தேறி, அதே வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள். குறைந்த செலவில் முழுச் சம்பளம் என்ற இன்றைய நிலைமைக்கு அந்த எதிர்பாராத திருப்பமும் ஒரு காரணம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

இரண்டு எண்கள், இரண்டு அளவுகோல்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி ரெஜிஸ்டர்டு நர்ஸின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 93,600 டாலர். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் இடைநிலை 49,500 டாலர்தான்.

இடைநிலை என்றால் என்ன? ஐந்து நர்ஸ்களைச் சம்பள வரிசையில் நிற்க வையுங்கள்: 52 ஆயிரம், 58 ஆயிரம், 64 ஆயிரம், 70 ஆயிரம், 130 ஆயிரம். நடுவில் நிற்பவருடைய 64 ஆயிரம்தான் இடைநிலை. சராசரி எடுத்தால் 74,800 வரும், ஏனென்றால் கடைசியில் நிற்கும் ஒருவர் எல்லாரையும் மேலே இழுத்துவிடுகிறார். கடனுக்கும் இப்படித்தான். அதனால் சம்பளத்தையும் கடனையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் இடைநிலையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த 93,600 புதிதாகச் சேர்ந்த ஏடிஎன் பெண்ணின் சம்பளம் அல்ல. 30 வருட அனுபவமுள்ளவர், பிஎஸ்என் படித்தவர், சான் ஃபிரான்சிஸ்கோவில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். ஆகவே கைக்கணக்குக்காக நம் ஆளுக்கு முதல் வருடச் சம்பளம் 65,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இது நானாக எடுத்துக்கொண்ட எண். அவரவர் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து கடன். 24 வயது தாண்டியவர்களையும் குழந்தையை வளர்ப்பவர்களையும் பெற்றோரைச் சாராத மாணவர்களாகக் கணக்கில் எடுக்கிறார்கள். அவர்களுக்கு மத்திய அரசுக் கடன் முதல் வருடம் 9,500 டாலர் வரை, இரண்டாம் வருடம் 10,500 டாலர் வரை கிடைக்கும். பெற்றோரைச் சார்ந்த இளையவர்களுக்கு 5,500, 6,500. நம் ஆள் முழுவதையும் வாங்கிவிட்டாள் என்றால் 20,000 டாலர். 2024-25 கல்வியாண்டில் இந்தக் கடனுக்கு வட்டி 6.53 சதவீதம். வழக்கமான பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 227 டாலர் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 27,288 டாலர் போயிருக்கும். (கடனில் ஒரு பகுதிக்குப் படிக்கும்போதே வட்டி ஏறத் தொடங்கிவிடும். எளிமைக்காக அதை விட்டுவிட்டேன்.)

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 65,000 சம்பளம், 20,000 கடன், மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்று உடனே மனசு நிம்மதியடைகிறது. கடன் ஒரு முறை வந்து பத்து வருடம் உட்கார்ந்திருக்கும் தொகை. சம்பளம் வருடா வருடம் வருவது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் குளத்தையும் வாய்க்காலையும் ஒப்பிட்ட கதைதான். கடனை வருடத் தவணையாக மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே அளவுகோலில் வந்துவிடும். மாதம் 227 என்றால் வருடத்துக்குச் சுமார் 2,730. 65,000இல் இது 4.2 சதவீதம்.

4.2 அதிகமா குறைவா? இதற்கு ஒரு கோடு உண்டு. அமெரிக்கக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட விதி, கடன் தவணை வருடச் சம்பளத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. தாண்டினாலும், அத்தியாவசியச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கழித்தபின் மிஞ்சும் சம்பளத்தில் 20 சதவீதத்துக்குள் தவணை இருந்தால் போதும். லாப நோக்கக் கல்லூரிகளின் படிப்புகளுக்கும் எல்லாக் கல்லூரிகளின் சான்றிதழ் படிப்புகளுக்கும் இதை அந்த விதி கட்டாயத் தேர்வாக வைத்தது. கம்யூனிட்டி காலேஜின் ஏடிஎன் பட்டம் கோட்டைத் தாண்டினாலும் அந்த விதியில் தண்டனை இல்லை, விவரம் வெளியே தெரிய வேண்டும் என்றது, அவ்வளவுதான். சட்டம் எப்படியிருந்தாலும் வீட்டுக் கணக்குக்கு 8 என்பது நல்ல கோடு. 65,000 டாலருக்கு 8 சதவீதம் 5,200. மாதம் 433. இதே வட்டியில் பத்து வருடத்துக்கு அது தாங்கும் கடன் ஏறக்குறைய 38,000 டாலர். நம் ஆளின் கடன் அதில் பாதிதான். ஒன்றை மறந்துவிடக் கூடாது: இந்தச் சதவீதம் வரிக்கு முந்தைய சம்பளத்தில் போட்டது, தவணை போவதோ வரி பிடித்தபின் கையில் வருவதிலிருந்து.

கட்டணம் கொஞ்சம், கடன் ஏன்?

2024-25இல் உள்ளூர் மாணவருக்கு கம்யூனிட்டி காலேஜின் சராசரிக் கட்டணம் வருடத்துக்கு 4,050 டாலர். அரசுப் பல்கலைக்கழகத்தில் அதே மாநிலத்தவருக்கு 11,610. தனியார் பல்கலைக்கழகங்களில் 43,350. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட் என்ற பாட அலகு ஒன்றுக்கு 46 டாலர்தான். 70 யூனிட் படித்தாலும் 3,220 டாலரில் முடிந்துவிடும். டென்னசி மாநிலம் ‘டென்னசி பிராமிஸ்’ என்ற திட்டத்தில் 2015 முதல் பள்ளி முடித்து நேராக வரும் மாணவர்களுக்குக் கட்டணமே இல்லாமல் செய்திருக்கிறது. இதற்கெல்லாம் மேலே, வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை வருடத்துக்கு 7,395 டாலர் வரை கிடைக்கும். திருப்பிக் கட்ட வேண்டாத பணம் இது. கட்டணமோ 4,050, உதவியோ 7,395. அப்புறம் கடன் எதற்கு?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டணம், காருக்கு பெட்ரோல், இதற்குத்தான் கடன் போகிறது. நர்ஸிங்கில் வகுப்பு மட்டுமென்றால் மாலையில் படித்துக்கொள்ளலாம். கிளினிக்கல் என்ற வார்டுப் பயிற்சி இருக்கிறதே, அது விடியற்காலை ஆறரைக்கு 50 மைல் தள்ளியுள்ள மருத்துவமனையில் நிற்கச் சொல்லும். முழுநேர வேலையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஸ்க்ரப்ஸ் என்னும் சீருடை, ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிகள், போலீஸ் சரிபார்ப்பு, நுழைவுத் தேர்வுக் கட்டணம், கடைசியில் என்கிளெக்ஸுக்கு 200 டாலர் என்று சில்லறைச் செலவுகளும் வரிசையாக வரும்.

‘இரண்டு வருடம்’ என்பதும் பேருக்குத்தான். நர்ஸிங் வகுப்புக்குள் நுழையும் முன்பே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் தேறியிருக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே இவற்றை முடிக்க ஒரு வருடமாவது ஆகும். ஆக மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வதே யதார்த்தம்.

இப்போது முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் ஆள் கடைசி இரண்டு வருடம் பாதிநேரம்தான் வேலை பார்க்கிறாள் என்றால் வருடத்துக்கு 20,000 வீதம் 40,000 டாலர் சம்பளம் போயிற்று. மூன்று வருடக் கட்டணம் 12,150. சில்லறைச் செலவு 3,000 என்று வையுங்கள். கடனுக்கு வட்டி 7,288. மொத்தம் 62,000 டாலரைத் தாண்டுகிறது. (கடன் அசல் 20,000ஐ இதில் கூட்டக் கூடாது. இழந்த சம்பளத்தால் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்தப் பணம் போனது. கூட்டினால் ஒரே செலவை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.) இன்னொரு பக்கம், அவள் சம்பளம் 40,000இலிருந்து 65,000 ஆகிறது. ஆதாயம் 65,000 முழுவதும் அல்ல, வித்தியாசமான 25,000தான். படிக்காமல் இருந்தாலும் அந்த 40,000 வந்துகொண்டுதானே இருந்திருக்கும்? 62,000ஐ 25,000ஆல் வகுத்தால் இரண்டரை. இரண்டரை வருட வேலையில் போட்டது எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. பெல் உதவி கிடைத்தால் இன்னும் சீக்கிரம். அதன்பின் முப்பது வருட வேலை வாழ்க்கை பாக்கியிருக்கிறது.

இப்படி இரண்டரை வருடத்தில் தன் செலவைத் தானே மீட்டுத் தரும் பட்டப்படிப்புகள் அதிகமில்லை. கவனித்தீர்களா, செலவில் மிகப் பெரிய பகுதி கடன் பட்டியலில் எழுதப்படவே இல்லாத அந்த 40,000தான். கடனை மட்டும் பார்த்துப் பயப்படுபவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

அந்த எண்களுக்குள் யார் இருக்கிறார்கள்?

ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு படிப்புக்கும் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, இடைநிலைக் கடன் எவ்வளவு என்று பார்க்க அமெரிக்கக் கல்வித் துறை காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற இணையதளத்தை 2015இல் தொடங்கியது. 2019 முதல் படிப்புவாரியாகவும் பார்க்கலாம். சம்பளத்தை மாணவர்களிடம் கேட்டு எழுதுவதில்லை, வரித்துறைப் பதிவுகளிலிருந்து எடுக்கிறார்கள். அதனால் கல்லூரி விளம்பரத்தில் போடும் ‘எங்கள் மாணவர்கள் இவ்வளவு சம்பாதிக்கிறார்கள்’ என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மேல் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தேவையில்லை. கடன் எண்ணில் மத்திய அரசுக் கடன் வாங்கியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். கடனே வாங்காமல் படித்தவர் அங்கே பூஜ்யமாகக்கூட எண்ணப்படுவதில்லை. கம்யூனிட்டி காலேஜில் அப்படிப் படிப்பவர்கள் நிறையப் பேர். அதனால் ‘இடைநிலைக் கடன் 15,000’ என்று ஒரு கல்லூரிக்குப் போட்டிருந்தால், அங்கே படித்தாலே 15,000 கடன் வரும் என்று அர்த்தமில்லை. கடன் வாங்கினவர்களின் நடுப்புள்ளி அது, அவ்வளவுதான். தனியார் வங்கிக் கடனும் அந்த எண்ணுக்குள் வராது.

சம்பள எண்ணிலும் இதே கதை. மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ பெற்றவர்களில், அந்த வருடம் வேலையில் இருந்தவர்களை மட்டும் எடுக்கிறார்கள். மேற்கொண்டு படித்துக்கொண்டிருப்பவர்கள் கணக்கில் இல்லை. இன்னொன்று, ஏடிஎன் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஏற்கெனவே எல்பிஎன் எனப்படும் கீழ்நிலை நர்ஸ்களாக வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். எல்பிஎன்னின் இடைநிலைச் சம்பளமே 2024இல் 62,340 டாலர். அப்படிப்பட்டவர்கள் நிறைந்த வகுப்பின் சம்பளம் அதிகமாகத் தெரிந்தால், அது படிப்பினால் வந்ததா, முன்னனுபவத்தால் வந்ததா? எண்ணைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மயக்கம் ஊர்தான். 2023 மே கணக்கில் கலிஃபோர்னியாவில் ரெஜிஸ்டர்டு நர்ஸின் சராசரிச் சம்பளம் 1.37 லட்சம் டாலர். தெற்கு டகோட்டாவில் 69,000. அதே பரீட்சை, ஏறக்குறைய அதே வேலை. கலிஃபோர்னியாவில் நர்ஸ்களின் சங்கம் பலமானது. ஒரு நர்ஸ் இத்தனை நோயாளிகளைத்தான் பார்க்கலாம் என்று 1999இல் சட்டம் போட்டு 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் அது. அங்கே வாடகையும் வானத்தைத் தொடும். ஆக, அங்குள்ள ஒரு கல்லூரியின் பட்டதாரிகள் தெற்கு டகோட்டாக் கல்லூரியினரைவிட இரண்டு மடங்கு சம்பாதித்தால் அந்தப் பெருமை ஆசிரியர்களுக்குப் போய்ச் சேராது. கல்லூரிகளை ஒப்பிட்டால் ஒரே வட்டாரத்துக்குள் ஒப்பிடுங்கள்.

காத்திருப்பதா, அதிகம் கொடுப்பதா

சம்பளமும் அதிகம், கட்டணமும் குறைவு என்றால் கூட்டம் கூடத்தானே செய்யும். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்கள் சிலவற்றில் தகுதியுள்ளவர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆள் எடுக்கிறார்கள். வேறு சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல். பாடம் நடத்த ஆசிரியர்களும் கிளினிக்கல் பயிற்சிக்கு மருத்துவமனை இடங்களும் போதாததால் சீட்டுகளை நினைத்தபடி கூட்ட முடிவதில்லை. வாசலில் நிற்பவர்களைத்தான் லாப நோக்கக் கல்லூரிகள் ‘அடுத்த மாதமே சேரலாம்’ என்று கூப்பிடுகின்றன. கட்டணம் பல மடங்கு.

அப்படி 50,000 டாலர் கடன் வாங்கினால் என்ன ஆகும்? அதே வட்டிக்குக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் வருடத் தவணை சுமார் 6,820. 65,000இல் 10.5 சதவீதம். 8 என்ற கோட்டைத் தாண்டியாயிற்று. தனியார் கடன் என்றால் வட்டி இதைவிட ஏறலாம்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இதை முட்டாள்தனம் என்று உடனே ஒதுக்க முடியாது. காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஒரு வருடம் காத்திருந்தால் 25,000 டாலர் ஆதாயம் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. 50,000 கடனுக்கும் 20,000 கடனுக்கும் வட்டியோடு சேர்த்து வித்தியாசம் சுமார் 41,000. இரண்டு வருடக் காத்திருப்பைத் தவிர்க்க முடியுமென்றால் காகிதத்தில் கணக்கு சரியாகவே வருகிறது. பணத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அந்தக் கல்லூரியில் சேருகிற பத்துப் பேரில் எத்தனை பேர் நர்ஸாக வெளியே வருகிறார்கள் என்பதுதான் கவலை.

ஏனென்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் படிப்பை முடித்துப் பரீட்சையில் தேறியவருக்கு. இரண்டாம் செமஸ்டரில் பார்மகாலஜியில் தோற்று, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் கிளினிக்கல் நாட்களைத் தவறவிட்டு, நின்றுபோனவருக்கு 9,500 டாலர் கடன் இருக்கும், பழைய 40,000 சம்பளம் இருக்கும். அமெரிக்காவில் கல்விக் கடனைக் கட்ட முடியாமல் தவணை தவறுபவர்களில் சின்னக் கடன்காரர்கள் அதிகம் என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். கடன் சின்னதாக இருப்பதே அவர்கள் பாதியில் நின்றதால்தான். இடைநிலைச் சம்பளம் என்ற எண்ணில் இவர்கள் யாருமே கிடையாது. அது முடித்தவர்களின் எண்.

அதனால் ஒரு கல்லூரியை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது கடனையும் அல்ல, சம்பளத்தையும் அல்ல. என்கிளெக்ஸில் முதல் முயற்சியிலேயே தேறுபவர்களின் விகிதத்தைப் பல மாநிலங்களின் நர்ஸிங் வாரியங்கள் கல்லூரிவாரியாக வெளியிடுகின்றன. 2024இல் அமெரிக்காவில் படித்து முதல் தடவை எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். ஒரு கல்லூரி 70 சதவீதத்தில் தள்ளாடினால் அங்கே ஏதோ கோளாறு. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேறமாட்டார்கள் என்று தோன்றும் மாணவர்களைக் கடைசி செமஸ்டரிலேயே வடிகட்டி நிறுத்திவிட்டால் தேர்ச்சி விகிதம் 98 ஆகிவிடும். ஆகவே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் கூடவே கேட்க வேண்டும். கல்லூரிக்கு மாநில வாரியத்தின் அனுமதியும் நர்ஸிங் படிப்புக்கான தேசிய அங்கீகாரமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் பிறகு பிஎஸ்என் படிக்கப் போகும்போது பல இடங்களில் பழைய பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

குறுக்கு வழி தேடியவர்கள் கதையும் இருக்கிறது. 2023 ஜனவரியில் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற பெயரில் அமெரிக்க விசாரணை அமைப்புகள் ஃப்ளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதை வெளிக்கொண்டுவந்தன. வாங்கியவர்களில் சிலர் உண்மையாகவே என்கிளெக்ஸில் தேறி வேலையிலும் இருந்தார்கள். பின்னால் பல மாநிலங்களில் லைசென்ஸ்கள் பறிபோயின.

நான்கு வருடப் படிப்போடு ஒப்பிட்டால்

ஒரே லைசென்ஸ் என்றால் எதற்கு பிஎஸ்என்? இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பு 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் இளநிலைப் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்றது. பெரிய நகரத்து மருத்துவமனைகள் பல அதைப் பிடித்துக்கொண்டன. வேலை விளம்பரத்திலேயே பிஎஸ்என் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று போடுகிறார்கள். நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில், புதிய நர்ஸ்கள் லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. அதனால் ஏடிஎன் முடித்தவரின் முதல் வேலை முதியோர் இல்லத்திலோ சிற்றூர் மருத்துவமனையிலோ அமைவது சகஜம். சம்பளம் கொஞ்சம் குறையும்.

இருந்தாலும் பலர் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. ஏடிஎன் முடித்து வேலையில் சேர்ந்துவிடுவது, சம்பளம் வாங்கிக்கொண்டே ஆன்லைனில் மீதிப் பாடங்களைப் படித்து பிஎஸ்என் ஆவது. முதலாளி படிப்புச் செலவுக்கு வருடத்துக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்கு வரி கிடையாது என்று அமெரிக்க வருமான வரிச் சட்டம் சொல்வதால், மருத்துவமனைகள் பலவும் கொடுக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் நேராக நான்கு வருடம் படித்தால் கட்டணம் மட்டும் 46,000 டாலருக்கு மேல். இந்தச் சுற்றுவழி அதில் பாதிகூட ஆகாது, சம்பளமும் முன்னாலேயே வரத் தொடங்கிவிடும். நம் 26 வயதுப் பெண்ணுக்கு இதைத்தான் நான் சொல்வேன். பெற்றோர் செலவு செய்யத் தயாராக இருக்கும் 18 வயதுப் பிள்ளைக்கு, நகரத்தில் நல்ல மருத்துவமனை வேலைதான் குறி என்றால், நேரடி பிஎஸ்என் பொருத்தமாக இருக்கலாம்.

கடன் தள்ளுபடித் திட்டங்களைப் பற்றியும் கேட்பார்கள். அரசு அல்லது லாப நோக்கமற்ற மருத்துவமனையில் முழுநேரம் வேலை பார்த்து 120 மாதத் தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது. 120 மாதம் என்றால் பத்து வருடம். வழக்கமான தவணையில் போனால் அதற்குள் கடனே தீர்ந்துவிடும், தள்ள ஒன்றும் மிஞ்சாது. 20,000 கடன் உள்ள நர்ஸுக்கு அதனால் பெரிய லாபமில்லை. நர்ஸ் கோர் என்ற இன்னொரு திட்டம் மேல். நர்ஸ் தட்டுப்பாடுள்ள இடத்தில் இரண்டு வருடம் பணியாற்றச் சம்மதித்தால் கடனில் 60 சதவீதத்தை அரசே கட்டும். மூன்றாம் வருடமும் இருந்தால் இன்னொரு 25 சதவீதம். விண்ணப்பித்தவர்கள் எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

அமெரிக்காவிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெல் உதவியும் மத்திய அரசுக் கடனும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இன்னும் சில பிரிவினருக்கும்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவிலும், வேலை விசாவில் வந்தவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கான ஹெச்-4 விசாவிலும் இருப்பவர்களுக்குக் கிடையாது. ஹெச்-4இல் இருப்பவர் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அப்போது ஆதாயத் தட்டில் வைக்க எண்ணே இருக்காது, லைசென்ஸ் மட்டும் கையில் இருக்கும். தமிழ்நாட்டில் நர்ஸிங் முடித்துவிட்டு அமெரிக்கா போக நினைப்பவருக்கு இந்த ஏடிஎன் கணக்கே தேவையில்லை. படித்த சான்றுகளைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டு என்கிளெக்ஸை அவர் சென்னையிலேயே எழுதலாம்.

நம் 26 வயதுப் பெண்ணுக்குக் கல்லூரி நிதியுதவி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அதில் பெல் 7,395 என்றும், கடன் 9,500 என்றும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, கூட்டி ‘உங்களுக்கு உதவி 16,895 டாலர்’ என்று காட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரியான பணம்போலத் தோன்றும். முதல் வரி தானம், இரண்டாவது வரி கடன். அந்த 9,500ஐ முழுசாக ஏற்க வேண்டியதில்லை. 4,000 போதும் என்று எழுதிக் கொடுக்கலாம். முழுசாக வாங்கிவிட்டு, செமஸ்டர் பாதியில் இவ்வளவு தேவையில்லை என்று தெரிந்தாலும், பணம் வந்த 120 நாட்களுக்குள் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தப் பகுதிக்கு வட்டியும் கிடையாது, கட்டணமும் கிடையாது.